புகை போட்ட பலகை

மலாக்காவில், புக்கிட் பாருவில் என் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன், சம்பாதிக்கிறதையெல்லாம் காருக்கே கொட்டுகிறவன். கல்யாண வயசு தாண்டிக்கொண்டிருக்கிறது என்று அவன் அம்மா என்னிடம் வந்து புலம்புகிறாள். அவனானால் அந்தக் காரைத் துடைத்துத் துடைத்து அழகு பார்த்துக்கொண்டிருக்கிறான். போன வாரம் காரின் முன்னால் தரையைத் தொடுகிற மாதிரி ஒன்று தொங்குமே, அதை எங்கேயோ மேட்டில் இடித்து உடைத்துக்கொண்டு வந்துவிட்டான். வாசலில் உட்கார்ந்து ஒரு டின்னைத் திறந்து, தூரிகையால் எதையோ தடவ ஆரம்பித்தான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாடை வந்தது. கைலியைக் கொடியில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

இனிப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை அது. மூக்கில் ஏறித் தலையைப் பிடிக்கும். மகள் ஜன்னலிலிருந்து கத்தினாள்.

"அம்மா, உள்ள வாங்க. அந்த வாடை நெஞ்சுக்கு ஆகாது."

"என் நெஞ்சுக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு உனக்கு யாருடி சொன்னது?" என்று கேட்டுவிட்டு வேலியோரமாகப் போய் நின்றேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "பாட்டி, இது ஃபைபர் கிளாஸ். கிட்ட வராதீங்க, அரிக்கும்" என்றான். எனக்குச் சொல்கிறான்! அவன் அப்பனே பிறக்காத காலத்தில் அதை அள்ளிப் பூசிக்கொண்டு, மாரியம்மன் கோயிலில் சாமி கும்பிடவும் முடியாமல் முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டு நின்றவள் நான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மலாக்கா ஆற்றோரத்தில் ஒரு சீனரின் இரும்புச் சாமான் கடையில் பில் எழுதுகிற வேலை. முதலாளியைத் தவுக்கே என்போம். நல்ல மனிதர், ஆனால் ஒரு ஆணியை இரண்டு ஆணியாக எழுதிவிட்டால் அன்று முழுவதும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். படகுக்காரர்களுக்கு வேண்டியது எல்லாம் அந்தக் கடையில் கிடைக்கும். தாம்புக்கயிறு, தார், செப்பு ஆணி, சாயம். ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து தேன் மாதிரி கெட்டியாக எதையோ அடைத்த டின்கள் வந்தன. கூடவே கண்ணாடி நாரில் நெய்த வெள்ளைப் பாய் ஒரு சுருள். எங்கள் மலாக்காவில் எவனுக்குத் தெரியும் அதை? மரப்படகு வைத்திருக்கிறவர்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டுத் தாரை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த டின்னை முதலில் வாங்கியவன் என் அண்ணன்தான், ஒரு ஃபைபர் படகைச் சரிசெய்ய.

அண்ணன் பெயர் வேலு. என்னைவிட ஐந்து வயது மூத்தவன். மோட்டார் பட்டறையில் வேலை. வாய் நீளம், கை அதைவிடத் துறுதுறு; எதையாவது பிரித்துப் போடாமல் அவனால் இருக்க முடியாது. வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பைப் பிரித்து அம்மாவிடம் அகப்பையால் வாங்கியிருக்கிறான். அவனுக்கு எங்கிருந்து ஃபைபர் படகு வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்கு அப்பாவைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் புகைக்கூடத்து வேலை. பால்மரத்துப் பாலை உறைய வைத்து, துணி மாதிரி தகடாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, விறகு மூட்டிப் புகையிலே காய வைப்பார்கள். அந்தக் கூடத்தில் நெருப்பைப் பார்த்துக்கொள்வதும் தகடுகளைத் திருப்பிப் போடுவதும் அப்பா. தோட்டம் புக்கிட் பாருவுக்கும் அப்பால் இருந்தது. எங்கள் படிப்புக்காக எங்களை மலாக்கா டவுனில் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு வைத்துவிட்டு, அவர் மட்டும் சைக்கிளில் போய் வருவார். அவர் சந்து திரும்பும்போதே எங்கள் மூக்குக்குத் தெரிந்துவிடும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தப் புகை வாடை அவரை விட்டுப் போனதில்லை. அவர் சட்டையை அம்மா தனியாகத்தான் துவைப்பாள். எனக்கு அது பிடிக்கும். சின்ன வயதில் அவர் மடியில் தூங்கினால் தலைமுடியெல்லாம் அந்த வாடை ஒட்டிக்கொள்ளும், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் நகர்ந்து உட்காருவாள். போடி என்று விட்டுவிடுவேன்.

மெர்டேக்கா, அதுதான் நாட்டுக்குச் சுதந்திரம், வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்கிறார்கள், வாங்குகிறவர்கள் துண்டு துண்டாகப் போடுகிறார்கள் என்று கோயிலிலும் கடையிலும் அதே பேச்சு. அப்பாவின் தோட்டத்துக்கும் நாள் வந்தது. துரை ஊருக்குக் கிளம்பும்போது, பங்களாவுக்குப் பின்னால் கொட்டகையில் கிடந்த தன் மோட்டார் படகை அப்பாவிடம் காட்டி, எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிச்சமிருந்த தகடுகள் காயும்வரை புகைக்கூடம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்றார்கள். இத்தனை வருடம் புகையில் வெந்த மனிதருக்கு ஒரு படகு! அப்பாவுக்கு நீச்சல்கூடத் தெரியாது.

அது லாரியில் வந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் இறங்கிய அன்று, சந்தில் உள்ளவர்கள் எல்லாரும் வந்து தட்டிப் பார்த்தார்கள். "பிளாஸ்டிக் படகாம்" என்று ஒருத்தி சொல்ல, "வெயிலில் உருகாதா?" என்று இன்னொருத்தி கேட்டாள். வெள்ளை உடம்பு, ஓரத்தில் நீலக்கோடு. தூசியைத் துடைத்தால் புதுசு போல் இருந்தது. அண்ணன் அதன் மோட்டாரைப் பிரித்து மேய்ந்து ஒரு வாரத்தில் உறும வைத்துவிட்டான். தூக்கிப் படகின் பின்னால் மாட்டினான். மாட்டியதும் பின்பலகை ஆடுகிற பல்லைப் போல முன்னும் பின்னும் அசைந்தது. அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று.

விஷயம் இதுதான். படகு முழுவதும் ஃபைபர் என்றாலும், மோட்டாரைத் தாங்குகிற பின்பலகைக்கு மட்டும் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் மரம் வைத்திருப்பார்கள். மோட்டாருக்காகப் போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி இறங்கி, அந்த மரம் உள்ளுக்குள்ளேயே அழுகிவிட்டது. வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. அதை நம்பிக் கடலில் விட்டால், முதல் அலையிலேயே மோட்டார் பலகையைப் பிய்த்துக்கொண்டு அடியில் போய்விடும்.

இதற்கிடையில் அப்பா ஊருக்குத் திரும்பிவிடுவதாக முடிவு செய்திருந்தார். ஊர் என்றால் ஆரணிப் பக்கம். அவருக்குத்தான் அது ஊர். அண்ணனும் நானும் அதைப் பார்த்ததே இல்லை. எங்களுக்கு ஊர் காஜா பெராங்தான். ஆனால் அப்பா அம்மா போனால், கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியுமா? என்னையும் கப்பல் ஏற்றிவிடுவார்கள். அண்ணன் ஒருநாள் சோற்றில் கை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டான்.

"நான் வரலப்பா. அங்க வந்து நான் என்ன செய்ய?"

"இங்க இருந்து என்னடா செய்யப் போற?"

"படகு இருக்குல்ல. பூலாவ் பெசார் தீவுக்கு ஆள் ஏத்துவேன். தூரத்துல நிக்கிற கப்பலுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பேன். யார் கையையும் எதிர்பார்க்காம பொழைச்சுக்குவேன்."

அப்பா தட்டை ஒதுக்கி வைத்தார். அவர் கோபக்காரர் இல்லை; கோபப்பட்டிருந்தால்கூட எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி. தோட்டத்துல ஸ்மோக்கவுஸ் நெருப்பு அணையிறதுக்குள்ள அது கடல்ல ஓடட்டும். ஓடிச்சுன்னா நீ இரு. தங்கச்சியும் உன்கூட இருக்கட்டும். ஓடலைன்னா நாலு பேருமாக் கப்பல் ஏறுறோம். அப்புறம் எந்தப் பேச்சும் கிடையாது."

'தங்கச்சியும்' என்றாரே, அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது. பத்தொன்பது வயதில் புத்தி அவ்வளவுதான். படகு ஓடினால் மலாக்கா, ஓடாவிட்டால் கப்பல். படகு ஓடினால் அப்பா அம்மா இல்லை என்பது அந்த நிமிஷம் என் மண்டையில் ஏறவேயில்லை. அம்மா மட்டும் எந்தப் பக்கமும் பேசவில்லை. கோயிலில் என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்டதற்கு, "எல்லாத்தையும் ஆத்தாகிட்ட விட்டுட்டேன், நீ ஏன் நோண்டுற?" என்று என் மேல் விழுந்தாள்.

வேலையை ஆரம்பித்தோம். கூட வந்தவர் ஆறுமுகம் அண்ணன், பக்கத்தில் செட்டிகள் குடியிருந்த கம்போங்காரர். மலாக்கா செட்டிகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். திருநீறு பூசுவார்கள், மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பார்கள், பேசுவது மட்டும் மலாய். 'ஆறு முகம் இருக்கு, ஆறு தமிழ் வார்த்தை வரல' என்று அம்மா அவரைக் கேலி செய்வாள். அவருக்குப் புரியாது, ஆனால் முதலில் சிரிக்கிறவர் அவராகத்தான் இருப்பார். சின்ன வயதிலிருந்து படகில் கிடந்தவர். எந்த நேரமும் காதில் ஒரு பென்சில் சொருகியிருக்கும். அதால் அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை.

உள்தோலை ரம்பத்தால் அறுத்து எடுத்தார்கள். உள்ளே இருந்ததை மரம் என்று சொல்ல முடியாது. கறுத்து, ஊறி, வெல்லம் கரைந்தது போல வழிந்தது. உளியை வைத்துவிட்டுக் கொட்டாங்குச்சியால் அள்ளினோம். நான் கடையிலிருந்து வந்ததும் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு அள்ள உட்கார்ந்துவிடுவேன். கண்ணாடி நார் தூள் உடம்பெல்லாம் ஏறி, அரிப்பு என்றால் அரிப்பு. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "இந்தப் பாழாப்போன படகு வந்ததுலேர்ந்து ஆளுக்கு ஆள் சொறியிறீங்க" என்று திட்டுவாள். கடையில் தவுக்கே என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். தொற்று வியாதி என்று நினைத்துவிட்டார் பாவம்.

அப்பா வேலை முடிந்து வந்ததும் நாற்காலியைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். ஒருநாள் ஆறுமுகம் அண்ணனிடம் மலாயில் கேட்டார், உனக்கு ஒருதரமாவது இந்தியாவைப் போய்ப் பார்க்கத் தோன்றியதில்லையா என்று. செட்டிகள் போகியன்று செத்துப்போனவர்களுக்கு வரிசையாக இலை போட்டு, விதவிதமாகச் சமைத்துப் படைப்பார்கள். அதைத்தான் அவர் சொன்னார். எங்கள் பெரியவர்கள் எல்லாரும் சாப்பிட இந்த வீட்டுக்குத்தானே வருகிறார்கள், நான் போய்விட்டால் அவர்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று கேட்டார். அப்பா தலையை ஆட்டினார். அவருக்கு இலை போட வேண்டியவர்கள் ஆரணிப் பக்கத்தில் இருந்தார்கள். அவருடைய அம்மா செத்தபோது அவர் இங்கே புகைக்கூடத்தில் இருந்தார், சேதி வந்து சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. ஏன் போகிறேன் என்று அவர் எங்களிடம் விளக்கிச் சொன்னதில்லை. எனக்கு அன்றுதான் கொஞ்சம் விளங்கியது.

புதுப் பலகைக்கு மெராந்தி மரம் வாங்கினான் அண்ணன். மழைக்காலம். ஆலையிலிருந்து அறுத்து வந்த பலகை ஈரத்தில் கனத்தது. ஆறுமுகம் அண்ணன் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "பெலும் கெரிங்லா" என்றார். காயவில்லை. ஈரப் பலகையை உள்ளே வைத்து மூடினால் மறுபடி அதே அழுகல். வெயிலோ வருவேனா என்றது. மரத்தடியில் வைத்தால் மழை, அடுப்பங்கரையில் வைத்தால் அம்மா. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"கொடு. நான் காய வச்சுத் தர்றேன்" என்றார் அப்பா.

மறுநாள் விடிந்ததும் அந்தப் பலகைகளைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தூறலில் போனார். ஞாயிற்றுக்கிழமை நான் சோறு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். புகைக்கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் ஒன்றும் தெரியாது, கண்ணில் தண்ணீர்தான் வரும். அப்புறம் மெதுவாகத் தெரியும், வரிசை வரிசையாகத் தொங்குகிற தகடுகள், தேன் நிறத்தில். அவற்றுக்கு நடுவில், சூடு சீராக வருகிற நல்ல இடத்தில், எங்கள் பலகைகளை நிறுத்தி வைத்திருந்தார்.

"பாத்தியா, உங்கண்ணன் பலகைக்கு முதல் வரிசை. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் திருப்பி வைக்கிறேன். கோணக் கூடாது பாரு."

நான் சோற்றைக் கீழே வைத்தேன். 

"அப்பா, படகு ஓடிட்டா நாங்க உங்ககூட வர மாட்டோமே?"

"அதுக்கு? ஈரப் பலகையைக் கொடுத்து, உங்க ரெண்டு பேரையும் ஏமாத்திக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றியா?" என்று சிரித்தார். "சோறு ஆறுது, எடு."

பலகைகள் வந்தன. காய்ந்து, லேசாகி, தகடு நிறத்திலேயே மின்னின. தட்டினால் கணீரென்று கேட்டது. அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அளந்து அறுத்து, டின்னைத் திறந்து, கெட்டியாக்குகிற மருந்தை நான் சொட்டுச் சொட்டாக விட, அவன் கலக்கிப் பூசினான். நார்ப் பாயை வைத்து மறுபடி பூசினான். ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும் என்று டின்னில் போட்டிருந்தது. சாயங்காலம் தொட்டுப் பார்த்தோம், விரல் ஒட்டியது. மறுநாள் பசியாறிவிட்டு வந்து தொட்டோம், ஒட்டியது. அதற்கு மறுநாளும் ஒட்டியது. அம்மாவின் கோழி அதன் மேல் ஏறி நடந்து, காலை உருவிக்கொண்டு இறகை அங்கேயே விட்டுவிட்டு அலறி ஓடியது. அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதுதான் அந்த வீட்டில் நான் கடைசியாக அப்படிச் சிரித்தது.

அப்பா வந்ததும் அண்ணன் எழுந்து நின்றான். கையெல்லாம் பிசுபிசுப்பு.

"இப்ப உங்களுக்குத் திருப்தியா?"

அப்பாவுக்கு விளங்கவில்லை. "என்னடா, இன்னும் பிடிக்கலையா?"

"எப்படிப் பிடிக்கும்? உங்களுக்கு நாங்க கூட வரணும். வாயால சரின்னு சொல்லிட்டு, பலகையை எடுத்துக்கிட்டுப் போயி புகை போட்டுக் கெடுத்துட்டீங்க. வேணும்னேதான் செஞ்சீங்க."

"அண்ணே, வாயை மூடு!" என்று நான் கத்தினேன். புகைக்கூடத்தில் அவர் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்தாள். அப்பா அந்தப் பலகையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"அப்படியா நெனச்ச?" என்றார். அவ்வளவுதான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் கடையில் நான் அழுத கண்ணோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தவுக்கே என்ன என்று கேட்டார். சொன்னேன். ஒரு துண்டு மரத்தை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். வாங்கி முகர்ந்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். "அசாப் புன்யா மின்யாக்" என்றார். புகையின் எண்ணெய் மரத்தில் படிந்திருக்கிறதாம், அது இருக்கும்வரை இந்தச் சரக்கு கெட்டியாகவே ஆகாதாம். சிங்கப்பூரிலிருந்து டின் கொண்டுவந்தவன் எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது என்று அப்போதே சொல்லியிருக்கிறான், புகையில் காய வைக்க ஆளுண்டு என்று அவன் கண்டானா? வெள்ளை மரம் தெரிகிறவரை இழைத்துவிட்டுப் பூசச் சொன்னார். மரம் நன்றாகத்தான் காய்ந்திருக்கிறது, இதைவிட நன்றாக யாரும் காய வைக்க முடியாது என்றும் சொன்னார். கடையை விட்டு எப்படி ஓடி வந்தேன் என்று எனக்கே தெரியாது.

சொன்னதும் அண்ணன் "ம்" என்றான்.  அப்பா எழுந்துபோய்ச் சந்துக் கோடியிலிருந்த தச்சரிடம் இழைப்புளியை இரவல் வாங்கி வந்தார். பூசியதையெல்லாம் சுரண்டி, இழைக்க ஆரம்பித்தார். முதலில் பழுப்பாகச் சுருள் விழுந்தது, அப்புறம் மஞ்சள், அப்புறம் வெள்ளை. நாள்கணக்கில் பாடுபட்டு ஏற்றிய புகையைத் தன் கையாலேயே சீவிச் சீவித் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் எதிரில் வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.  மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சாப்பிடக் கூப்பிடுவோம், அதுதான் மன்னிப்பு. அன்று அண்ணன் "அப்பா, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவான் கூப்பிடுவான் என்று காத்திருந்தேன். அம்மாதான் கூப்பிட்டாள்.

இந்தத் தடவை ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிட்டது.

தெங்கரா கடற்கரையில் படகை இறக்கினோம். கற்பூரம், எலுமிச்சம்பழம், அம்மாவின் குங்குமம். ஆறுமுகம் அண்ணன் மலாயில் முருகனைக் கூப்பிட்டார். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, பின்பலகையில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். மோட்டார் பிடித்தது. அண்ணன் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தான். பலகை அசையவில்லை, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அண்ணன் மோட்டாரைப் பார்த்துக்கொண்டே, "ஏறுங்கப்பா" என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?

"நான் பெரிய கப்பல்ல போறவன்டா. எனக்கு எதுக்கு இது?" என்று அப்பா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

புகைக்கூடம் அணைந்தது. அப்பா அம்மாவுக்கு மட்டும் கப்பல் டிக்கெட் எடுத்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு நானும் ஆறுமுகம் அண்ணனும் கூடப் போனோம். அண்ணன் வரவில்லை. பூலாவ் பெசாருக்கு ஆள் ஏற்றுவதாக வாக்குக் கொடுத்துவிட்டானாம். துறைமுகத்தில் கூட்டமான கூட்டம், பெட்டியும் பாயும் அழுகையும். அப்பா அடிக்கொரு தரம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அம்மா என் தலையைக் கோதி, பின்னலைப் பிரித்து மறுபடி பின்னிவிட்டாள், கோணலாக வந்தது. ஏறுகிற நேரம் வந்தபோது அப்பா என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"அண்ணன்கிட்ட சொல்லு. அது நல்லாக் காஞ்ச பலகைதான்."

திரும்பி வந்து சொன்னேன். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிக்கொண்டே இருந்தான்.

அப்பா ஊருக்குப் போய் இரண்டாவது மழைக்காலத்தில் இறந்துபோனார். தந்தி வந்தபோது காரியம் முடிந்திருந்தது. அவர் அம்மாவுக்கு நடந்ததே அவருக்கும் நடந்தது. அண்ணன் தலையை மழித்துக்கொண்டு, ஒரு இலையில் சோறு வைத்து எடுத்துக்கொண்டு தனியாகப் படகில் போனான். எவ்வளவு தூரம் போனான், என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, ஒருமுறை அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அம்மா ஒரு மூட்டை எலும்பாக இருந்தாள். பேச்செல்லாம் அப்பாவைப் பற்றித்தான். "ஊர் பூரா உங்கண்ணன் படகைப் பத்தியே பேசிக்கிட்டுத் திரிஞ்சாருடி. கேக்கிறவன் காது புளிச்சுப்போச்சு. என் மவன் கடல்ல படகு ஓட்டுறான், அந்தப் பலகையை நான்தான் காய வச்சேன்னு." வந்து அண்ணனிடம் இதையும் சொன்னேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். என்ன கல் நெஞ்சுடா சாமி என்று அன்று நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன்.

அந்தப் படகு பல வருடம் ஓடியது. அதில்தான் அண்ணன் குடும்பம் சாப்பிட்டது. பிறகு பெரிய படகுகள் வந்தன, அவன் அதை விற்றான், யார் கையிலோ போய் எங்கோ முடிந்தது. நாங்கள் படகு இறக்கிய தெங்கரா கடற்கரையும் இப்போது இல்லை. கடலில் மண்ணைக் கொட்டி நிரவிக் கடைவீடுகள் கட்டிவிட்டார்கள். தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் காரில் போக வேண்டும். தோட்டம் இருந்த இடத்தில் வீடுகள். புகைக்கூடம் எந்த இடத்தில் இருந்தது என்று காட்ட எனக்கே தெரியவில்லை, ஒருமுறை தேடிப்போய், வழி கேட்கவும் வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டேன்.

அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போன வருடம், அவனை வெளியே கொஞ்சம் கூட்டிப்போகச் சொன்னார்கள். கடலை நிரப்பிய அந்த இடத்தில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அவனுக்குச் சீனி போடாத காப்பி. கலக்கிக்கொண்டே இருந்தான். திடீரென்று சொன்னான்.

"அப்பா வேணும்னு செய்யலைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

 "என்னண்ணே சொல்ற?"

"புகை படாத காஞ்ச துண்டு ஒண்ணு கிடந்துச்சு. அதுல பூசிப் பார்த்தேன். அது பிடிச்சுக்கிச்சு. புகைதான்னு தெரிஞ்சுபோச்சு. பாவம், அவருக்கு அது எப்படித் தெரியும்?"

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

"காஞ்ச பலகையைக் கொண்டுவந்து சைக்கிள்லேர்ந்து இறக்கும்போது பாத்தேன். தன் சட்டையைக் கழட்டி அதுமேல சுத்திக்கிட்டு, மழையில வெறும் உடம்போட வந்தாரு. அதுக்கப்புறம் என்னால முடியல. படகும் வேணாம் ஒண்ணும் வேணாம், அப்பாகூடவே போயிடலாம்னு தோணிடுச்சு. அவர் மேல கோபத்தை உண்டாக்கிக்கிட்டாத்தான் நிக்க முடியும்னு இருந்துச்சு. அதைச் சொல்லாம இருந்திருந்தா, நானும் கப்பல் ஏறியிருப்பேன்."

அவன் ஏறியிருந்தால் நானும் ஏறியிருப்பேன். என் வீட்டுக்காரர், என் பிள்ளைகள், புக்கிட் பாருவில் நான் துணி காயப்போடுகிற அந்தக் கொடி எல்லாமே அப்பா வாங்கிக்கொண்ட அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கின்றன. அவர் அதைக் கடைசிவரை சுமந்துகொண்டு போனார். எனக்குக் கண்மண் தெரியவில்லை. எழுபத்தெட்டு வயதுக் கிழவனை, என் கூடப் பிறந்தவனை, நாலு பேர் பார்க்க அந்தக் காப்பிக் கடையில் வைத்து அடித்தேன். தோளில்தான் பட்டது. அவன் தடுக்கவில்லை.

"இன்னொண்ணு போடு" என்றான்.

எனக்குக் கை எழவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அவனும் போய்விட்டான். அப்பாவுக்காகக் கோபித்துக்கொள்ளக்கூட இப்போது எனக்கு ஆள் இல்லை.